சட்டம் கேளுங்கள்: பழைய திருட்டு வழக்கின் தண்டனையை அழிக்க முடியுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுற்றியவை. எப்போதோ நடந்த திருட்டு வழக்கு, அதில் கிடைத்த சின்னத் தண்டனை, இன்றைக்கு வந்து நிற்கும் சிக்கல். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்: மேடம், 2009-ல் எனக்கு 22 வயது. நண்பனோடு சேர்ந்து ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டேன். 379-ல், திருட்டுப் பிரிவில், கேஸ் போட்டார்கள். மூன்று வாரம் கிளைச் சிறை. ஒத்துக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும் என்றார்கள், கோர்ட்டில் ஒத்துக்கொண்டேன். உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாக வைத்து, 1,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். அதற்கப்புறம் என் மேல் ஒரு பெட்டிக் கேஸ்கூட இல்லை. இப்போது துபாயில் மெக்கானிக் வேலை வந்திருக்கிறது, போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள். 40,000 கொடுத்தால் ஸ்டேஷன் ரெக்கார்டிலிருந்தே பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று, என் மகளுக்குப் போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. என்னால் அவள் வாழ்க்கை கெட்டுவிடுமா?

முதலில், அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கு ஒரு இடத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கிறது, காவல் நிலையப் பதிவேடுகளில் இருக்கிறது, சி.சி.டி.என்.எஸ். எனப்படும் காவல் துறைக் கணினி வலைப்பின்னலில் ஏறியிருக்கலாம், கைரேகை எடுத்திருந்தால் விரல்ரேகைப் பிரிவில் இருக்கும். 2022-ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி இப்போது எடுக்கப்படும் ரேகைகளையும் அளவுகளையும் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஒரு ஸ்டேஷனில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று சொல்பவர் உங்கள் பயத்தை விற்றுக் காசாக்குகிறார். அரசுப் பதிவேட்டைத் திருத்தக் காசு கொடுத்தால் அதுவே புது வழக்கு, அதில் நீங்களும் ஒரு எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்.

இரண்டாவது, நீங்கள் கேட்க விரும்பாத பதில். நம் நாட்டில் வயது வந்த ஒருவர் பெற்ற தண்டனையை இத்தனை வருடம் கழித்து அழித்துவிடலாம் என்று ஒரு சட்டம் இல்லை. பிரிட்டனில் 1974-லேயே அப்படி ஒரு மறுவாழ்வுச் சட்டம் வந்துவிட்டது, இங்கிலாந்தில் அபராதம் மட்டும் கட்டியவருடைய தண்டனை ஒரே வருடத்தில் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லத் தேவையில்லாத ஒன்றாகிவிடும். சிங்கப்பூரில் சிறை மூன்று மாதத்துக்கு மேல் போகாமலும், அபராதம் என்றால் 2,000 வெள்ளியைத் தாண்டாமலும் இருந்து, ஐந்து வருடம் வேறு வம்பில்லாமல் இருந்தால், அந்த ஒரே தண்டனை பொதுவாகத் தானே காலாவதியாகிவிடும். இங்கே அந்தக் கதவே கட்டப்படவில்லை. பதினாறு வருடம் ஒழுங்காக வாழ்ந்து, நான்கு பேருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் நிலையில் இருப்பவரிடம் 22 வயதில் செய்ததை இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பது நியாயம் இல்லை என்பதுதான் என் உறுதியான எண்ணம். சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் செய்ய வேண்டிய வேலை அது.

சரி, அது வரும் வரைக்கும் என்ன வழி? தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். யாரிடமும் பேசுவதற்கு முன்னால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால்கூட, இதுதான் முதல் வேலை. உங்களுக்குத் தண்டனை கொடுத்த குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுப் போட வேண்டும். காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு, முடிந்தால் சி.சி. நம்பர் (நீதிமன்றம் வழக்குக்குக் கொடுத்த எண்) இவை போதும். பழைய வழக்குக் கட்டுகளை ஒரு காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவது உண்டு, அப்படி அழித்திருந்தால் பதிவேட்டில் இருப்பதன் நகலையும், கட்டு அழிக்கப்பட்டது என்ற குறிப்பையும் எழுத்தில் கேளுங்கள். அபராத ரசீது வீட்டில் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் பாருங்கள், ஒத்துக்கொண்ட வழக்குகளின் தீர்ப்பு பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். குற்றச்சாட்டு விளக்கப்பட்டது, எதிரி ஒப்புக்கொண்டார், குற்றவாளி என முடிவு செய்யப்படுகிறது, தண்டனை இவ்வளவு. அவ்வளவுதான். அதில் இல்லாதது என்ன என்பதுதான் எனக்கு முக்கியம். முதல் முறை தவறு செய்தவரை எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியோ அனுப்ப, 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இடம் தருகிறது, அதன் 3-வது பிரிவில் 379 பெயர் சொல்லியே இருக்கிறது. அப்படி அனுப்பியிருக்கக்கூடிய வழக்கில் அனுப்பவில்லை என்றால், ஏன் இல்லை என்று தீர்ப்பிலேயே சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361-வது பிரிவு. ஒரு பக்கத் தீர்ப்பில் அந்தக் காரணத்தைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது.

இது ஏன் உங்களுக்கு உதவும் என்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பொதுவாக மேல்முறையீடு செய்ய முடியாது, ஆனால் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் பற்றி மட்டும் போகலாம். செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாளில் போயிருக்க வேண்டும், 16 வருடத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும், அதை ஏற்பதும் மறுப்பதும் நீதிபதி கையில். கடினமான வழி, பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஜெயித்தால் தண்டனை நன்னடத்தை உத்தரவாக மாறும், அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி தண்டனையால் வரும் தகுதியிழப்பு நீங்கும். அப்போதும் குற்றவாளி என்ற முடிவு மறைந்துவிடாது, உச்ச நீதிமன்றம் 1990-ல் பக்‌ஷி ராம் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று புரியாமலே, வக்கீலும் இல்லாமல், நிற்க வைத்துச் சொல்ல வைத்திருந்தால் கதை வேறு, அப்போது முழுத் தீர்ப்பையுமே எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். என்ன நடந்தது என்று உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் உங்களுக்கு இதெல்லாம் தேவையா என்று யோசியுங்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவு தடுப்பது யாரை? விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவரை. உங்களுக்கு மூன்று வாரம், அதுவும் பதினாறு வருடத்துக்கு முன்னால். பாஸ்போர்ட் படிவம் அந்த ஐந்து ஆண்டு, இரண்டு ஆண்டுத் தண்டனை பற்றித்தான் கேட்கிறது, அதற்கு ‘இல்லை’ என்பதே உங்கள் உண்மையான பதில். வேலை கொடுக்கும் கம்பெனியின் படிவம் ‘எப்போதாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா’ என்று கேட்டால் பதில் ‘ஆம்’. ஒவ்வொரு படிவத்திலும் கேள்வி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறைக்கு இரண்டு முறை படித்துவிட்டு, கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஆக இன்றைக்கு உங்களிடம் இல்லாத ஒரு ஆபத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள்.

போலீஸ் சான்றிதழுக்கு விசாரணை வரும்போது ஸ்டேஷனில் பழைய வழக்கைக் குறிப்பிட்டு எழுதலாம். அதைத் தடுக்க முடியாது, ஆனால் அந்த அறிக்கையோடு சேர்த்து வைக்கத் தீர்ப்பு நகல், அபராத ரசீது, வழக்கு முடிந்து இத்தனை ஆண்டாக வேறு வழக்கு இல்லை என்ற உங்கள் விளக்கக் கடிதம் இவை மூன்றும் தயாராக இருக்கட்டும். முடிந்த வழக்கு வேறு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு வேறு. பல நேரம் பதிவேட்டில் வழக்கு முடிந்ததே ஏறாமல் நிலுவை என்று கிடக்கும், அதைச் சரி செய்யச் சொல்லி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு நகலோடு மனுக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. துபாய்க்காரர்கள் அதைப் பார்த்து என்ன முடிவெடுப்பார்கள் என்பது அவர்கள் விஷயம், ஏஜென்ட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தச் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி. போலீஸ் தேர்வில் பார்ப்பது அவருடைய நடத்தையையும் அவர் மேல் இருக்கும் வழக்கையும். அப்பா மேல் முன்னொரு காலத்தில் இருந்த வழக்கு அவருக்குச் சட்டப்படி தடை இல்லை. அவரை நன்றாக ஓடவும் படிக்கவும் சொல்லுங்கள், இந்தக் கவலையை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

ஒரு தாய், கடலூர் மாவட்டம்: என் மகன் 2013-ல் பாலிடெக்னிக் படிக்கும்போது செல்போன் திருடினான் என்று பிடித்தார்கள். அப்போது அவனுக்கு 17 வயசும் சில மாதமும்தான். எஃப்.ஐ.ஆரில் 19 என்று எழுதிவிட்டார்கள். பெரிய கோர்ட்டிலேயே ஃபைன் போட்டு முடித்துவிட்டார்கள். எங்களுக்கு விவரம் தெரியாது. இப்போது அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்கிறார்கள் அம்மா.

இன்று வந்த கடிதங்களிலேயே கையில் வலுவான சட்டம் இருப்பது உங்களுக்குத்தான். 18 வயது முடியாதவர் செய்த குற்றத்தை நடுவர் நீதிமன்றம் விசாரித்திருக்கவே கூடாது, இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரித்திருக்க வேண்டும். நான் அப்போது சிறுவன் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முழுவதுமாக முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 9-வது பிரிவு சொல்கிறது. பன்னிரண்டு வருடம் கடந்துவிட்டதே என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

வயதுக்கு ஆதாரம் எது என்பதையும் 94-வது பிரிவே வரிசைப்படுத்திவிட்டது. முதலில் பள்ளி கொடுத்த பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ. அது இல்லாவிட்டால்தான் நகராட்சி, ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. எஃப்.ஐ.ஆரில் போலீஸ்காரர் கண்ணால் பார்த்து எழுதிய 19 இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுங்கள், சம்பவத் தேதியை எஃப்.ஐ.ஆரிலிருந்து எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து நாள் கணக்குப் பாருங்கள். சம்பவம் நடந்த அன்று 18 முடியவில்லை என்றால் போதும், கைதான நாளோ தீர்ப்பு வந்த நாளோ கணக்கில்லை. உயர் நீதிமன்றத்தில் அந்தத் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடும் வழியை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

சிறுவர் என்று ஆகிவிட்டால் 24-வது பிரிவு வந்துவிடும். அந்தத் தண்டனையால் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவேடுகளை அழிக்க வேண்டும். விதிவிலக்கு 16 வயது தாண்டியவர்கள் செய்யும் கொடுங்குற்றங்களுக்குத்தான், செல்போன் திருட்டு அதில் வராது. சிறு வயது வழக்கைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஓர் இளைஞர் விஷயத்தில் சொல்லியிருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கும் வரை உங்கள் மகன் விண்ணப்பத்தில் ‘வழக்கு இல்லை’ என்று எழுத வேண்டாம். வழக்கு எண், தண்டனை, அப்போது தன் வயது, நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கும் விவரம் எல்லாவற்றையும் எழுதட்டும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது இதைத்தான்: சிறு குற்றமாக இருந்தால் அதைப் பெரிதுபடுத்தாமல் விடவும் வேலை தருபவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மறைத்தது தெரிந்தால் மறைத்ததற்காகவே வேலை போகலாம். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், வழக்கு என்னவோ சின்னதுதான், மறைத்ததுதான் அவர்களை அடித்தது.

வீட்டு வேலை செய்யும் பெண், கோயம்புத்தூர்: வேலை செய்த வீட்டில் வளையல் காணாமல் போனதாக என் மேல் புகார் கொடுத்து இரண்டு வருஷமாகக் கேஸ் நடக்கிறது. வளையல் பிறகு அவர்கள் பீரோவிலேயே கிடைத்துவிட்டது. வீட்டுக்காரம்மாவே என்னிடம் சொன்னார். ஆனால் வாய்தாவுக்கு அலைய முடியவில்லை. ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளாதீர்கள். செய்யாத திருட்டைச் செய்தேன் என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு நிமிடம்தான், மேலே திண்டுக்கல்காரர் பதினாறு வருடம் கழித்து எழுதிய கடிதமாக வருகிறது. வாய்தா அலைச்சல் எவ்வளவு கொடுமை, ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். ஏழைகள் ஒத்துக்கொள்வது குற்றம் செய்ததால் அல்ல, பஸ்ஸுக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்துத்தான், இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. திருட்டுக்குத் தண்டனை என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்து எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள், இரண்டாவது வழக்கில் தண்டனையை ஏற்றவும் சட்டத்தில் இடம் உண்டு.

வழி இருக்கிறது. வேலைக்காரர் மேல் போடும் 381-வது பிரிவில் நீதிமன்ற அனுமதியோடு பொருளின் சொந்தக்காரர் சமரசம் செய்துகொள்ளலாம், அந்தச் சமரசத்துக்கு விடுதலையின் பலன் உண்டு. வீட்டுக்குள் நடந்த திருட்டு என்று 380 போட்டிருந்தால் அப்படி நேரடியாக முடிக்க முடியாது, வீட்டுக்காரம்மா வளையல் கிடைத்துவிட்டது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்க வேண்டும். எந்தப் பிரிவு என்று குற்றப்பத்திரிகையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் நல்ல மனதோடு இருக்கும்போதே, வளையல் எந்தத் தேதியில் எங்கே கிடைத்தது என்று அவர் கைப்பட எழுதி வாங்கிவிடுங்கள். எழுதித் தர மறுத்தாலும், அவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது உங்கள் வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்று கவலைப்படாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எல்லா வாய்தாவுக்கும் நேரில் வராமல் இருக்க நீதிமன்றத்திடம் விலக்குக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள், அது ஒன்றே உங்கள் பாதி அலைச்சலைக் குறைக்கும்.

2024 ஜூலை முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய நியாயச் சட்டம் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்திருக்கிறது, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் முறை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை என்று அதன் 303-வது பிரிவு சொல்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் சமூக சேவையும் தண்டனைதான், அதற்கும் முன்னால் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதப்படும். ‘சிறை இல்லையே, ஒத்துக்கோ’ என்று இனி நிறையப் பேரிடம் சொல்லப் போகிறார்கள், செய்யாதவர்கள் அதற்குத் தலையாட்ட வேண்டாம்.

வாசகர், மதுரை: 2011-ல் ஒரு திருட்டு வழக்கில் ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் தீபாவளி, சித்திரைத் திருவிழா வந்தால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். குடும்பத்துக்கு அவமானமாக இருக்கிறது.

உங்கள் பெயரில் சரித்திரப் பதிவேடு, ஸ்டேஷனில் எச்.எஸ். என்பார்கள், திறந்து வைத்திருக்க வேண்டும். தீர்ப்பை மாற்றுவது கஷ்டம், ஆனால் இந்தப் பதிவேட்டை மூட வைக்க முடியும். அது காலம் முழுக்கத் தானாக ஓடக்கூடியது அல்ல, தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்றால் உயரதிகாரி உத்தரவு போட்டு நீட்டித்தாக வேண்டும். மாநகரக் காவல் ஆணையருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள், 2011-க்குப் பிறகு வழக்கு எதுவும் இல்லை, இன்ன தொழில் செய்கிறேன், பதிவேட்டை மூட வேண்டும் என்று. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், என் பெயரில் பதிவேடு இருக்கிறதா, எந்தத் தேதியில் யார் உத்தரவில் நீட்டிக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும், உருப்படியான காரணம் சொல்லாவிட்டாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடலாம். இந்த மாதிரி மனுக்களில் காரணமில்லாமல் நீட்டிக்கப்பட்ட பதிவேடுகளை மூடச் சொல்லி உத்தரவுகள் வந்திருக்கின்றன.

திருவிழாவுக்கு முன் கூப்பிட்டால், எழுத்தில் சம்மன் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். நன்னடத்தைக்குப் பிணைப் பத்திரம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிர்வாக நடுவர் முன்னால் வக்கீலோடு போய், அந்த நோட்டீஸில் உங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட புதிய சம்பவம் என்ன என்று கேட்க வேண்டும். 2011 வழக்கைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை என்றால், அதையே எழுத்தில் பதிலாகக் கொடுத்துவிட்டு ஒரு நகலில் சீல் போட்டு வாங்கி வாருங்கள், ரிட் மனுவில் உங்களுக்கு அது தேவைப்படும்.